அலங்கார இறால் ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழக, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கல்லூரிகளில் விலங்கியல் படிப்பவர்கள், அவர்களுடைய பெற்றோர், வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்கள், கடியப்பட்டணம், இனயம் பகுதிகளில் சிப்பி எடுக்க முங்கும் தொழிலாளர்கள் எனப் பலரும் கடல் உயிரியலாளனாகிய என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அலங்கார இறால்களைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்விப்பதும், நம் கரையோரப் பாறைகளில் எந்தெந்த இறால் இருக்கிறது என்று கணக்கெடுப்பதுமே என் வேலை. இவை இரண்டும் வெவ்வேறு துறைகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று நடக்காது என்பது என் கருத்து. அதற்கான காரணங்கள் பதில்களிலேயே வரும்.

அலங்கார இறால் என்பது எது? நாம் சாப்பிடும் இறாலுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

சந்தையில் விற்கும் நாரன், பூவாலன், கரிக்காடி எல்லாம் பினெயிட் என்ற கூட்டத்தைச் சேர்ந்தவை. இவை முட்டைகளைக் கடல்நீரில் அப்படியே விட்டுவிடும்; தாய்க்கும் முட்டைக்கும் அதன் பிறகு தொடர்பில்லை. அலங்கார இறால்களில் பெரும்பாலானவை காரிடியா என்ற வேறு கூட்டத்தைச் சேர்ந்தவை. இவை முட்டைகளை வயிற்றடியிலுள்ள நீந்துகால்களில் ஒட்டிவைத்து, பொரியும் வரை விசிறிக்கொண்டும் சுத்தம் செய்துகொண்டும் சுமந்து திரியும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஸ்டெனோபஸ் ஹிஸ்பிடஸ் மட்டும் மூன்றாவதாக ஒரு தனிக் கூட்டம். அதுவும் முட்டை சுமப்பதுதான்.

தொட்டி வளர்ப்போர் அதிகம் தேடுவது லிஸ்மாட்டா அம்பாய்னென்சிஸ் என்ற துப்புரவு இறாலை. முதுகில் சிவப்புப் பட்டை, அதன் நடுவே வெள்ளைக் கோடு. பவளப்பாறையில் ஓரிடத்தில் நின்று நீண்ட வெள்ளை உணர்கொம்புகளை ஆட்டினால் மீன்கள் வந்து வரிசையில் நிற்கும். விலாங்கு போன்ற பெரிய மீனின் வாய்க்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் தின்றுவிட்டு இது வெளியே வரும். வாலை முதுகுக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டேயிருக்கும் தோர் வகை இறால்கள், கடல் சாமந்தி என்னும் பூப்போன்ற உயிர்களில் குடியிருக்கும் ஆன்சிலோகாரிஸ், நட்சத்திர மீனை மட்டுமே தின்னும் ஹைமனோசெரா, கோபி என்னும் சிறு மீனோடு ஒரே வளையில் வாழும் அல்ஃபியஸ் ஆகியவையும் இந்த வணிகத்தில் புழங்குகின்றன. நன்னீர் அலங்கார இறால்களைப் பற்றித் தனியே பின்னால் சொல்கிறேன்.

இறால் குஞ்சு பொரிப்பகங்கள் ஆந்திரக் கரையிலும் மரக்காணத்திலும் எத்தனையோ இருக்கின்றன. அலங்கார இறாலை மட்டும் ஏன் எளிதாகப் பெருக்க முடியவில்லை?

நான் விரிவாகப் பதில் சொல்ல விரும்பும் கேள்வி இது. பண்ணைகளில் வளர்க்கும் வன்னாமை இறால் முட்டையிலிருந்து வெளிவந்து நாப்ளியஸ், சோயியா, மைசிஸ் நிலைகளைக் கடந்து குஞ்சாக மாறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் போதும். அந்த நாட்களுக்குள் எந்தத் தீவனம், எந்த அளவு, எந்த உப்புத்தன்மை என்பதெல்லாம் பல பத்தாண்டு அனுபவத்தால் அட்டவணையாகிவிட்டது. லிஸ்மாட்டா அம்பாய்னென்சிஸ் இளவுயிரியாகவே, அதாவது பொரித்த பின் குஞ்சாக மாறுமுன் உள்ள நிலையிலேயே, இரண்டு மாதத்துக்கு மேல் நீரில் மிதக்கிறது. சிலவேளை நான்கு மாதங்களும் ஆகும். ஸ்டெனோபஸ் ஹிஸ்பிடஸுக்கு நான்கு மாதத்தில் தொடங்கி ஏழு மாதம் வரை ஆனதாகப் பதிவுகள் உள்ளன. அத்தனை நாட்களும் ஒரு நாள்கூடப் பிசகாமல் நீரும் தீவனமும் சரியாக இருந்தாக வேண்டும்.

நாள் நீள்வதோடு தொல்லை முடிவதில்லை. இந்த இளவுயிரிகளுக்குத் தோலுரித்தும் வளராமலிருக்கும் ஒரு பழக்கம் உண்டு. தீவனம் போதாவிட்டாலோ, தரையிறங்கத் தகுந்த இடத்தின் அறிகுறி கிடைக்காவிட்டாலோ, அவை சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு அதே நிலையிலேயே காத்திருக்கும். திறந்த கடலில் நீரோட்டம் எங்கெங்கோ கொண்டுபோகும் உயிருக்கு இது நல்ல உத்திதான். தொட்டிக்காரனுக்கோ ஒவ்வொரு தோலுரிப்பும் ஓர் உயிர்ச்சேதம். உரிக்கும்போது மாட்டிக்கொண்டு சாகும், உரித்த மெல்லுடலைப் பக்கத்தில் இருப்பது தின்றுவிடும்.

உருவத்தைப் பார்த்தாலும் சிரமம் விளங்கும். உருப்பெருக்கியின் கீழ் வைத்த லிஸ்மாட்டா இளவுயிரியில் முதலில் கண்ணில் படுவது காம்பின் மேல் நிற்கும் இரண்டு கண்கள். அடுத்து, உடலைவிட நீளமாகப் பின்னால் இழுபடும் ஐந்தாவது காலிணை. அந்தக் கால்களின் நுனி துடுப்புப்போல அகன்றிருக்கும். காற்றுக்குழாயின் குமிழ் வேகமாக அடித்தால் இந்தத் துடுப்புகள் ஒன்றோடொன்று சிக்கி ஒடிந்துபோகும்; குமிழ் குறைந்தால் இளவுயிரிகள் தரையில் குவிந்து கழிவோடு கழிவாக அழுகும். அதனால்தான் அடி உருண்ட தொட்டிகளில், நீர் மெல்லச் சுழலும்படி அமைத்து, பக்கச் சுவர்களைக் கறுப்பாக்கி, வெளிச்சத்தை மேலிருந்து மட்டும் விடுகிறோம். சுவர் வெளுப்பாக இருந்தால் ஒளியை நோக்கிப் போய் முட்டி முட்டியே செத்துவிடும்.

தீவனத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பொரித்த அன்றே இவற்றுக்கு இரை கிடைக்க வேண்டும். ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் நாப்ளியஸ்தான் எல்லோரும் கொடுப்பது. ஆனால் ஆர்டீமியாவில் டிஎச்ஏ என்னும் கொழுப்பமிலம் இல்லையென்றே சொல்லலாம். தவிர, பொரித்த பின் நேரம் ஆக ஆக அதன் சத்தும் குறைந்துகொண்டே வரும். எனவே முதல் தோலுரித்து வாய் திறந்த ஆர்டீமியாவுக்கு ஐசோகிரைசிஸ் போன்ற பாசியையோ எண்ணெய்க் குழம்பையோ ஊட்டி, அதை இளவுயிரிக்கு ஊட்டுகிறோம். வளர வளர இரையின் அளவையும் மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தை எந்த நாளில் செய்வது என்பது இனத்துக்கு இனம் வேறுபடுவதால், ஒவ்வோர் இனத்தையும் புதிதாகவே படிக்க வேண்டியிருக்கிறது.

சினை இறால்களைப் பெறுவதும் அவ்வளவு கடினமா?

இல்லை. உணவு இறால் பொரிப்பகங்களில் பெண் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கிச் சினைப்படுத்தும் வழக்கம் உண்டு. லிஸ்மாட்டாவுக்கு அது தேவையேயில்லை. அது முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு ஆணும் பெண்ணுமாக ஒரே உடலில் இயங்கும். எந்த இரண்டை ஒரே தொட்டியில் விட்டாலும் இணையாகிவிடும். ஒன்று தோலுரித்த சில மணி நேரத்தில் பெண்ணாக நின்று இணைசேரும். அடுத்த முறை மற்றது உரிக்கும்போது வேடம் மாறும். முட்டை முதலில் பசுமையாக இருந்து, நாளடைவில் கண்புள்ளி தெரிந்து, பொரிக்கும் முன் வெள்ளிபோல வெளிறும். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, விளக்கணைத்த சிறிது நேரத்தில், இருட்டில் பொரிக்கும். பொரிப்பு நாளைக் கணிக்கத் தெரிந்த உதவியாளர் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

வன்னாமை பொரிப்பகத்தில் வேலை பார்த்த அனுபவம் இந்த ஆராய்ச்சிக்கு உதவுமா?

மிகவும் உதவும். நெல்லூர்ப் பக்கமோ மரக்காணத்திலோ ஓரிரு பருவம் வேலை செய்தவர், கடல்நீரை மணல்வடியில் விட்டுக் குளோரின் போட்டுத் தயோசல்பேட்டால் அதை முறிக்கவும், பாசி வளர்ப்பைக் கெடாமல் அடுத்த குடுவைக்கு மாற்றவும், ஆர்டீமியாவை ஓடு நீக்கிப் பிரிக்கவும் கை பழகியிருப்பார். முதுகலை முடித்து நேரே வரும் பலருக்கு இதற்கே ஓராண்டு போய்விடுகிறது. நோய்த்தடுப்பில் அவர்களுக்கு இருக்கும் அச்சமும் நல்லதுதான். 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் கிழக்குக் கரைப் பண்ணைகளைத் துடைத்தெடுத்ததைப் பார்த்தவர்களிடம் தொழில் கற்றவர்கள் அவர்கள். அந்த நோயின் நச்சுயிரி இறால், நண்டு போன்ற பத்துக்காலிகள் பலவற்றையும் தொற்றக்கூடியது என்பதால், அலங்கார இறாலுக்கும் உணவு இறாலுக்கும் ஒரே வலையையோ வாளியையோ பயன்படுத்தக் கூடாது.

அங்கே பழகிய ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். பொரிப்பகத்தில் கணக்கு லட்சத்தில் போகும். ஒரு தொட்டி கெட்டால் கவிழ்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள். இங்கே ஒரு தாயிடமிருந்து சில நூறு இளவுயிரிகளே கிடைக்கும்.

பெருக்குவதுதான் நோக்கம் என்றால் பெயர் வைப்பதும் வகைப்படுத்துவதும் எதற்கு?

கையில் இருப்பது எந்த இனம் என்று தெரியாமல் வளர்த்தால், கிடைக்கும் முடிவு யாருக்கும் பயன்படாது. துப்புரவு இறாலையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய, பசிபிக் கடல்களின் அம்பாய்னென்சிஸும் அட்லாண்டிக் கடலின் லிஸ்மாட்டா கிராபாமியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வாலைக் கவனித்தால்தான் வேறுபாடு புலப்படும்: கிராபாமியில் முதுகின் வெள்ளைக் கோடு வால்விசிறி வரை தொடர்ந்து போகும், அம்பாய்னென்சிஸில் கோடு நின்று, வாலில் வெள்ளைத் திட்டுகள் தனித்தனியாக இருக்கும்.

கண்ணுக்கு எட்டாத வேறுபாடுகளும் உள்ளன. வால்தூக்கி ஆடும் தோர் அம்பாய்னென்சிஸை 1888இல் டி மான் இந்தோனேசியாவின் அம்போன் தீவுக்குரிய பெயரால் விவரித்தார். அதே பெயரில் உலகெங்கும் விற்கப்பட்ட இறால்களின் மரபணுவைப் பிற்காலத்தில் ஒப்பிட்டபோது, ஒரே இனம் என்று கருதப்பட்டதற்குள் பல தனி மரபுக்கிளைகள் ஒளிந்திருப்பது தெரியவந்தது. இரண்டு கடல்களிலிருந்து வந்த இணையை ஒரே தொட்டியில் விட்டு, முட்டை பொரிக்கவில்லையே என்று தீவனத்தைக் குறை சொல்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இந்திய இறால்களுக்கு அடித்தளம் போட்டவர்களில் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஸ்டான்லி கெம்ப் முக்கியமானவர். 1910களிலும் 1920களின் தொடக்கத்திலும் அவர் எழுதிய பத்துக்காலிக் குறிப்புகளை இன்றும் மேசையில் வைத்துத்தான் வேலை செய்கிறோம். நெற்றிமுள்ளின் மேலும் கீழும் எத்தனை பற்கள், இரண்டாவது காலின் மணிக்கட்டில் எத்தனை கணுக்கள் என்று எண்ணுவதே அன்றைய முறை. இன்றும் முதல் வேலை அதுவே. தோர் வகையில் ஆறு கணுக்கள் இருக்கும். லிஸ்மாட்டாவில் அதைவிடப் பல மடங்கு. அதற்கு மேல், இனங்களைப் பிரித்தறிய உதவும் சிஓஐ என்ற மரபணுத் துண்டைப் படித்து ஒப்பிடுகிறோம். இரண்டில் ஒன்றை மட்டும் நம்புகிறவர்களை நான் நம்புவதில்லை.

பெயரிடும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். லட்சத்தீவின் அகத்தியில் தேசிய மீன் மரபுவளப் பணியகத்தைச் சேர்ந்தவர்கள் அலங்கார இறால்களைத் தேடியபோது புதிய இனங்களே அகப்பட்டன. அவற்றில் ஒன்றின் பெயரிலேயே அகத்தி இருக்கிறது, பெரிகிளிமெனெல்லா அகத்தியை (Periclimenella agattii).

விழிஞ்சத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே அப்படி என்ன இருக்கிறது? பவளத்தீவுகள் மன்னார் வளைகுடாவில்தானே?

பவளத்தீவுகள் அங்கேதான், அங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டவை. நம் பக்கம் இருப்பது பாறைக்கடல். கோவளம், விழிஞ்சம், குளச்சல், கடியப்பட்டணம், முட்டம் என்று கரையிலேயே பாறைகள் கடலுக்குள் இறங்குகின்றன. அதற்கப்பால் மீனவர்கள் ‘பார்’ என்றும் ‘மடை’ என்றும் அழைக்கும் திட்டுகள் உள்ளன. பழுப்புச் சிப்பி அப்பிக்கிடக்கும் பாறையின் அடியில், கடற்பஞ்சுக்குள், கடல் முள்ளெலிகளின் முட்களுக்கு இடையில், வெளவால் தொங்குவதுபோல் தலைகீழாக ஒட்டிக்கொண்டு இறால்கள் வாழ்கின்றன. பகலில் எதுவும் தெரியாது. இரவில் விளக்கடித்தால் இடுக்குதோறும் கண்கள் சிவப்பாக மின்னும்.

இக்கடலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றின்போது அடிநீர் மேலெழுந்து கரையோர நீர் குளிர்ந்துவிடும். இந்த மேலெழுச்சி தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் தொடங்கி வடக்கே பரவுவது. அதே மாதங்களில் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறு பெருகிப் ஆறு கடலில் சேரும் பொழிமுகம் வெட்டுப்படும்போது கரைநீரின் உப்புத்தன்மையும் சரியும். லட்சத்தீவின் தெளிந்த, மாறாத நீரை வைத்து எழுதிய வளர்ப்பு முறையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். இந்த மாற்றங்களைத் தாங்கி வாழும் உள்ளூர் இறால்கள் தொட்டியிலும் தாங்கும் என்பது என் எதிர்பார்ப்பு. விலைமதிப்புள்ள வெளிநாட்டு இனத்தின் பின்னால் ஓடுவதைவிட, இங்குள்ளவற்றை முதலில் படிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதும் அதனால்தான்.

தொட்டியில் பெருக்கினால் கடலில் பிடிப்பது குறையுமா?

தானாகக் குறையாது. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பகுதி பண்ணையில் பிறப்பவை. கடல் அலங்கார உயிர்களில் பெரும்பகுதி இன்னும் கடலிலிருந்தே பிடிக்கப்படுபவை. தொட்டியில் பிறந்ததன் விலை பிடித்ததன் விலையைவிட அதிகமாக இருக்கும்வரை வணிகர் எதை வாங்குவார் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு மாதம் ஆர்டீமியாவும் மின்சாரமும் செலவழித்த இறால், ஒரே முங்கலில் கிடைத்த இறாலோடு விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. குறுகிய இளவுயிரிக் காலமுள்ள இனங்களைத் தேர்ந்தால் இந்த இடைவெளி சுருங்கும்.

நம்பிக்கை தரும் முயற்சியாக நான் கருதுவது அகத்தித் தீவில் நடந்திருப்பதை. மரபுவளப் பணியகம் அங்கே ஒரு மையம் அமைத்து, தோர் ஹைனானென்சிஸ், ஆன்சிலோகாரிஸ் பிரெவிகார்பாலிஸ் என்ற இரண்டு இறால்களைத் தொட்டியில் பிறப்பித்து, குஞ்சுகளைத் தீவுப் பெண்களின் குழுக்களிடம் கொடுத்து விற்பனை அளவுக்கு வளர்க்கப் பயிற்சி அளித்தது. ஆன்சிலோகாரிஸ் கண்ணாடிபோன்ற உடலில் வெண்திட்டுகளும், வால்விசிறியில் கறுப்பு வளையமிட்ட ஆரஞ்சுப் புள்ளிகளும் கொண்டது. ஆணைவிடப் பெண் பெரிது. கடினமான இளவுயிரிக் கட்டத்தை ஆய்வகம் ஏற்றுக்கொண்டு, எளிதான வளர்ப்புக் கட்டத்தைக் குடும்பங்களிடம் ஒப்படைத்ததே இதன் சிறப்பு. குளச்சலிலும் பூவாரிலும் இதே பிரிவினை நடக்கக்கூடியதுதான். கரையோரத்தில் நல்ல கடல்நீர்க் குழாய் ஒன்று வேண்டும்.

தொட்டியில் பெருகியவற்றைத் திரும்பக் கடலில் விடுவோம் என்று விழா எடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. சில இணைகளின் வாரிசுகள் மட்டுமே கொண்ட கூட்டத்தை, எந்தக் கிளை என்று பார்க்காமல் கடலில் கொட்டுவது பாதுகாப்பாகாது. நோயும் கூடவே போகலாம்.

கடலிலிருந்து எதையும் யாரும் எடுத்து வளர்க்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

எடுக்க முடியாதவற்றின் பட்டியல் நீளமானது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் கற்பவளம், கரும்பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை உள்ளன. ஆகவே இறால் இருக்கிறது என்று பவளத்தை உடைத்து எடுத்தால் குற்றம். மன்னார் வளைகுடாப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமானால் 2002ஆம் ஆண்டின் உயிரியப் பல்வகைமைச் சட்டத்தின்படி சென்னையில் உள்ள தேசிய ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆய்வைத் தொடங்குமுன் இந்தத் தாள்களை முடித்துவிடுங்கள்; ஆய்விதழ்களும் இப்போது அனுமதி எண்ணைக் கேட்கின்றன.

என்ன படிக்க வேண்டும்? எங்கே?

பள்ளியில் உயிரியல் எடுத்தவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, நான்காண்டு மீன்வள இளங்கலை. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, கொச்சி பனங்காட்டிலுள்ள கேரள மீன்வள, கடலியல் பல்கலைக்கழகம் ஆகியவை நமக்கு அருகில் உள்ளவை. மற்றொன்று, விலங்கியல் இளங்கலை முடித்துக் கடல் உயிரியல் முதுகலை. இதற்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயராய்வு மையம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம், நம் குமரி மாவட்டத்திலேயே இராஜாக்கமங்கலத்திலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் என்று பல இடங்கள் உண்டு. வளர்ப்பில் நாட்டமுள்ளவருக்கு முதல் வழியும், வகைப்பாட்டில் நாட்டமுள்ளவருக்கு இரண்டாவதும் பொருந்தும்.

புள்ளியியலை அஞ்சி ஒதுக்காதீர்கள். வரையவும் பழகுங்கள், இறாலின் தாடையுறுப்பை உருப்பெருக்கி வழியே பார்த்துக் கோட்டோவியமாக வரையத் தெரிந்தவர்கள் வரவரக் குறைகிறார்கள்.

சம்பளம்? குடும்பம் நடத்த முடியுமா?

பெற்றோர் தவறாமல் கேட்பது. முனைவர் பட்ட ஆய்வில், தேசியத் தகுதித்தேர்வில் தேறி இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிப் பணிக்கு அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. அதற்குத் தனி அகில இந்தியத் தேர்வு எழுத வேண்டும், இடங்கள் குறைவு. இரண்டுக்கும் நடுவே திட்டப் பணியாளராகப் பல ஆண்டுகள் ஓடிவிடுவது இத்துறையின் மெய்யான சிக்கல். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். வளர்த்த இறால் இணைகளைப் பார்த்துக்கொள்ளக்கூட ஆளிருக்காது. பொரிப்பகத் தொழில்நுட்பராகவோ அருங்காட்சி மீனகங்களில் காப்பாளராகவோ போகும் வழியையும் திறந்தே வைத்திருங்கள். அதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை.

மலையாளம் தெரிய வேண்டுமா?

பேசத் தெரிந்தால் போதும். பொழியூர், பூவார்க் கரையில் உங்கள் தமிழே முக்கால்வாசி செல்லும். விழிஞ்சத்துக்கு வடக்கே இறங்குதளக் குறிப்பேடுகளைப் படிக்க எழுத்தும் தெரிந்திருப்பது நல்லது.

முக்குளிப்புத் தெரியாதவர்கள் இந்த ஆராய்ச்சிக்கு வர முடியாதா?

வரலாம். இறங்குதளத்தில் வலையிலிருந்து கழித்துப்போடும் குப்பைமீனில் கிடைக்கும் இறால்களையே ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள் உண்டு. பொரிப்பகத்துக்குள்ளேயே தொழில் முழுவதையும் கழித்தவர்களும் உண்டு. முங்கத் தெரிந்த உள்ளூர்த் தொழிலாளர்களோடு சேர்ந்து வேலை செய்வதே சிறந்த வழி என்பேன். அவர்களுக்கு நாட்கூலி தருவதோடு, ஆய்வுத்தாளில் பெயரையும் போடுங்கள்.

வீட்டில் செர்ரி இறால் வளர்த்து விற்கலாமா?

நியோகாரிடினா டேவிடி எனப்படும் இந்த நன்னீர் இறால் கிழக்காசியாவைச் சேர்ந்தது. இதற்கு மிதக்கும் இளவுயிரிக் கட்டமே இல்லை. இருபது முப்பது முட்டைகளை மூன்று, நான்கு வாரம் சுமந்து, பெரியதைப் போலவே இருக்கும் சிறிய குஞ்சுகளை நேரே வெளியிடும். அதனால் யாரும் வளர்க்கலாம். அமானோ இறால் என்று விற்கும் காரிடினா மல்டிடென்டேட்டா அப்படியில்லை. நன்னீரில் வாழ்ந்தாலும் அதன் இளவுயிரிகளுக்கு உப்புநீர் வேண்டும்.

எளிதாகப் பெருகுவது என்பதே இங்கு ஆபத்து. தொட்டிக்காரர்கள் கொட்டிவிட்ட செர்ரி இறால் ஹவாய், ஜப்பான், ஜெர்மனி, போலந்து நீர்நிலைகளில் குடியேறியிருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் அவற்றுக்கே உரிய காரிடினா இனங்கள் வாழ்கின்றன. ஒரே அளவு, ஒரே தீனி, ஒரே இடம். பேச்சிப்பாறைக் கால்வாயோ, வீட்டுப் பின்பக்க ஓடையோ, வேண்டாத இறாலை விடும் இடமாகிவிடக் கூடாது. தொட்டி மாற்றும் நீரைத் தென்னை மூட்டில் ஊற்றுங்கள்.

துறைமுகமும் கப்பல் போக்குவரத்தும் இந்த இறால்களைப் பாதிக்குமா?

விழிஞ்சம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாதம் கொச்சிக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கி, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம், குமரிக் கரைகளில் ஒதுங்கின. குருணை முழுதாக இருக்கும்போது இறால் இளவுயிரியின் வாயைவிடப் பெரிது. அதனால் விழுங்க முடியாது. வெயிலிலும் அலையிலும் அது பொடியாகும்போதுதான் உணவோடு கலக்கும். அலைத்தடுப்புக் கற்கள் சில இறால்களுக்குப் புது வீடாகவும் அமையலாம், வெளிநாட்டுக் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் நீரில் வரும் இனங்களுக்கும் அதே கற்களே வீடாகலாம். இவற்றில் எதையும் நிறுவ, முன்பு என்ன இருந்தது என்ற பட்டியல் வேண்டும். பாதிப்பு வந்தபின் எடுக்கும் கணக்கெடுப்பை எதனோடும் ஒப்பிட முடியாது.

சிப்பி எடுக்கும்போது பார்த்திராத இறால் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

உயிரோடு இருக்கும்போதே படம் எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வால் விரிந்தபடி ஒன்று. பதப்படுத்தச் சாராயத்தில் போட்டதும் நிறமெல்லாம் வெளுத்துவிடும். பிறகு பட்டையா புள்ளியா என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல தண்ணீரில் கழுவ வேண்டாம். கடல்நீரோடு பையில் கட்டி நிழலில் வையுங்கள். பனிக்கட்டி இருந்தால் பைக்கு வெளியே வையுங்கள். ஒரு தாளில் பென்சிலால் நான்கு செய்திகளை எழுதி உள்ளே போடுங்கள்: எந்தப் பார், எத்தனை ஆள் ஆழம், என்ன நாள், எதன்மேல் உட்கார்ந்திருந்தது. கடற்பஞ்சா, முள்ளெலியா, சாமந்தியா என்ற அந்த நான்காவது செய்தியை வைத்துத்தான் பல இனங்களை அடையாளம் காண்கிறோம். பேனா மை கரைந்துவிடும் என்பதால் பென்சில்தான் வேண்டும். வயிற்றடியில் முட்டை இருந்தால் அன்று மாலைக்குள்ளேயே கொண்டுவந்து தாருங்கள். பெரும்பாலும் இரவில்தான் பொரிக்கும்.